பறவைகள் இருக்கின்றன, கால்கள் எங்கே?

மெபேன் எனக்குச் சட்டை வாங்கும் ஊராகத்தான் அறிமுகம். வட கரோலினாவில் ராலே, டர்ஹம் பக்கம் வேலை பார்க்கும் தமிழர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, மேற்கே முக்கால் மணி நேரம் வண்டி ஓட்டினால் மெபேன் டேங்கர் அவுட்லெட்ஸ். மாமாவுக்கு டிஷர்ட், மச்சானுக்கு ஷூ, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக். டிக்கியை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுவோம். ஆறு வருஷம் இப்படிப் போய்வந்தேன். அந்த ஊரில் அவுட்லெட் தவிர வேறு என்ன இருக்கும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அங்கே ஜோ தாம்ப்சன் இருந்தார். 1918இல் பிறந்தவர். நான் அந்த ஊர்ப் பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே, 2012 பிப்ரவரியில், 93 வயதில் இறந்துவிட்டார். ஃபர்னிச்சர் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஃபிடில் வாசிப்பார். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த ஃபிடில், பான்ஜோ மரபை வீட்டிலேயே கற்று, கடைசிவரை வாசித்த மிகச் சிலரில் ஒருவர்.

நான் எழுத வந்தது அவர் வீட்டு வெளியில் உட்கார்ந்து பதிவு செய்யப்பட்ட ஓர் ஆல்பத்தைப் பற்றி. அது வெளியான அடுத்த வாரம் டர்ஹமில் நடந்த கொண்டாட்டத்தைப் பற்றி. ஆனால் இரண்டுக்கும் போகும் வழி அவர் வீட்டு வாசல் வழியாகத்தான்.

*

பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டெம்' கேட்டிருப்பீர்கள். 2024 பிப்ரவரியில் ரீல்ஸ் முழுக்க அதுதான். பாட்டின் தொடக்கத்தில் டங்கு டங்கென்று ஒரு பான்ஜோ வருமே, அதை வாசித்தவர் ரியானன் கிடன்ஸ். வட கரோலினாக்காரர். ஓபர்லின் இசைப்பள்ளியில் ஓபரா படித்தவர். அடிமையாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு இந்த மாநிலத்தில் வாழ்ந்த இஸ்லாமிய அறிஞர் ஓமர் இப்ன் சயீதின் வாழ்க்கையை வைத்து, மைக்கேல் ஏபல்ஸோடு சேர்ந்து அவர் எழுதிய 'ஓமர்' ஓபராவுக்கு 2023இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இவ்வளவுக்கும் முன்னால், 2005 ஏப்ரலில், இதே மாநிலத்தின் மலையூரான பூனில் 'பிளாக் பான்ஜோ கேதரிங்' என்று ஒரு கூட்டம் நடந்தது. பான்ஜோ வாசிக்கும் கறுப்பினத்தவர்களும் அதை ஆராய்கிறவர்களும் கூடிய கூட்டம். அங்கே கிடன்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் டாம் ஃப்ளெமன்ஸும் சந்தித்தார்கள். மூன்று பேருமே அப்போது இருபதுகளில். அதற்குப் பிறகு வியாழக்கிழமை சாயங்காலமானால் மெபேனுக்குப் போய் ஜோ தாம்ப்சனோடு உட்கார ஆரம்பித்தார்கள். அந்தச் சாயங்காலங்களிலிருந்து வந்ததுதான் 'கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ்' இசைக்குழு. 2010இல் வெளியான அவர்களுடைய 'ஜெனுயின் நீக்ரோ ஜிக்' ஆல்பத்துக்கு அடுத்த வருஷம் கிராமி கிடைத்தது. 2011இல் ராபின்சன் விலகினார், 2013இல் ஃப்ளெமன்ஸ் விலகினார். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். கொஞ்ச காலத்தில் குழு என்ற ஒன்று இல்லாமல் ஆனது.

2025 ஏப்ரல் 18 அன்று கிடன்ஸும் ராபின்சனும் மட்டும் சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். பெயர் 'வாட் டிட் த பிளாக்பேர்ட் சே டு த க்ரோ'. கரும்பறவை காக்கையிடம் என்ன சொன்னது என்று அர்த்தம். ராபின்சன் ஃபிடில், கிடன்ஸ் பான்ஜோ. வட கரோலினாவின் 18 மெட்டுகள். ஸ்டூடியோ கிடையாது. மெபேனில் ஜோ தாம்ப்சனின் வீடு, மோர்கன்டனில் கிடார் மேதை எட்டா பேக்கரின் வீடு, ரெட் ஸ்பிரிங்ஸில் மில் ப்ராங் என்ற பழைய பண்ணை மாளிகை என மூன்று இடங்களில் திறந்தவெளியில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். மைக்கில் பறவைச் சத்தம் விழுகிறது, சில்வண்டுச் சத்தம் விழுகிறது. எதையும் துடைத்து எடுக்கவில்லை.

அந்தச் சில்வண்டுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 13 வருஷத்துக்கு ஒரு முறையும் 17 வருஷத்துக்கு ஒரு முறையும் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும் கூட்டங்கள் உண்டு. 2024இல் வெளிவந்த ஒரு 13 வருஷக் கூட்டமும் ஒரு 17 வருஷக் கூட்டமும் அதற்கு முன் ஒரே வருஷத்தில் வெளிவந்தது 1803இல். 13ஐயும் 17ஐயும் பெருக்கினால் 221, கணக்கு சரியாக வரும். வட கரோலினாவின் நடுப்பகுதிக்கு வந்தது 13 வருஷக் கூட்டம். அந்த மே மாதம் சாப்பல் ஹில் பக்கம் போனால் காரின் கண்ணாடியை ஏற்றினாலும் இரைச்சல் உள்ளே வரும். எனக்கு அது தொந்தரவு. இவர்கள் இரண்டு பேரும் அதைப் பக்கவாத்தியமாக வைத்துக்கொண்டார்கள். முந்தைய தடவை, 1803இல், இந்த மாநிலத்தில் பான்ஜோ வாசித்த விரல்கள் யாருடையவை என்று நினைத்துக்கொண்டு கேட்டால் அந்த இரைச்சலின் கனமே வேறு.

*

முதல் தடவை கேட்டபோது எனக்கு ஆல்பம் பிடிக்கவில்லை. இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

ஆபீஸ் போகும் வழியில் ஹெட்போனில் கேட்டேன். முதல் மூன்று மெட்டு நன்றாக இருந்தது. நாலாவதில் கை தானாக ஸ்கிப் பட்டனுக்குப் போனது. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஏறும் என்று பார்த்தால் ஏறவில்லை. 'இப்ப ஒரு சோலோ வரும்' என்று காத்திருந்தால் அதுவும் வரவில்லை. சட்டென்று முடிந்துவிடுகிறது. இளையராஜா பாட்டில் இரண்டாவது இடையிசைக்காகக் காத்திருந்து பழகிய காது இது. இதில் எங்கே போய் உட்காருவது என்றே தெரியவில்லை.

பிறகுதான் புரிந்துகொள்ள முயன்றேன். ஓல்ட்-டைம் என்பது 'பழைய பாட்டு' என்கிற பொதுப்பெயர் இல்லை, ஒரு வகைமையின் பெயர். பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதி. முதல் பகுதி இரண்டு தடவை, அடுத்த பகுதி இரண்டு தடவை, மறுபடி தொடக்கம். இப்படியே பத்துப் பதினைந்து சுற்று போகும். எல்லா வாத்தியமும் ஒரே நேரத்தில் வாசிக்கும், யாரும் முன்னால் வந்து தனியாவர்த்தனம் செய்ய மாட்டார்கள். 1940களில் பில் மன்ரோவோடு உருவான புளூகிராஸ் வேறு. அங்கே ஒவ்வொருவராக மைக்குக்கு முன்னால் வந்து திறமை காட்டுவார்கள், ரசிகர் கைதட்டுவார். ஓல்ட்-டைமில் ரசிகர் என்று ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார். ஆடிக்கொண்டிருப்பார். ஆட்டம் முடியும்வரை மெட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

பான்ஜோவின் அமைப்பும் இதற்குத் தோதானது. அதன் ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை, கழுத்தின் பாதியிலேயே முடிந்துவிடும். கட்டைவிரல் அதை ஒரே சுரத்தில் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருக்கும். நம் தம்புரா சுருதியைத் தாளத்தோடு சேர்த்துத் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. மற்ற விரல் நகம் மேலிருந்து கீழே அடிக்கும். சுரமும் தாளமும் ஒரே கையில். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் என்ற சுரைக்குடுக்கை வாத்தியத்திலும் இதே குட்டைத் தந்தி, இதே நக அடி. கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்கள் கையில் எதையும் எடுத்துவர முடியாது. செய்யத் தெரிந்திருந்தது, கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் மறுபடி செய்துகொண்டார்கள். பண்ணை வீட்டில் நடனம் என்றால் ஃபிடில் வாசிக்க அடிமைகளைத்தான் உட்கார வைத்தார்கள். அப்படி ஐரோப்பிய ஃபிடிலும் ஆப்பிரிக்க பான்ஜோவும் ஜோடி சேர்ந்தன.

*

அப்புறம் எப்படி பான்ஜோ என்றதும் நம் மனசில் வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தாத்தா வருகிறார்?

இரண்டு விஷயம் நடந்தது. 1843இல் நியூயார்க்கில் 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்று நாலு வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, பான்ஜோவும் ஃபிடிலுமாக மேடை ஏறினார்கள். கறுப்பினத்தவரைக் கோமாளியாகக் காட்டும் அந்த நிகழ்ச்சி பிய்த்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அமெரிக்காவின் பெரிய கேளிக்கையே அதுதான். யாருடைய வாத்தியமோ, அவர்களைக் கேலி செய்வதற்கான அடையாளமாக அது மாறியது. இரண்டாவது, 1920களில் ரெக்கார்டு கம்பெனிகள் தெற்கே வந்தபோது கேட்லாக்கை இரண்டாகப் பிரித்தன. கறுப்பினத்தவர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', தெற்கத்தி வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி'. முதலாவதற்கு ப்ளூஸ் வேண்டும், இரண்டாவதற்கு ஃபிடில் வேண்டும். ஃபிடில் வாசிக்கும் கறுப்பினத்தவர் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. பதிவானவர்கள் மிகக் குறைவு. பதிவாகாததை 'இல்லவே இல்லை' என்று அடுத்த தலைமுறை நம்பிவிட்டது. இதில் பெரிய சதி ஏதும் தேவைப்படவில்லை. கடையில் ரெக்கார்டை எந்த அலமாரியில் வைப்பது என்ற கேள்விதான் ஒரு மரபை மறைத்தது.

இங்கே தமிழ் வாசகருக்குப் பறை ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் நடந்தது வேறு மாதிரி. பறையை இழிவாக்கி அதை வாசித்தவர்கள் மேலேயே கட்டி வைத்தார்கள். பான்ஜோவை இழிவாக்கினார்கள், பிறகு அதைத் தமதாக்கிக்கொண்டார்கள், கடைசியில் அசல் சொந்தக்காரரின் பேரப்பிள்ளையே 'அது நம்ம வாத்தியம் இல்லையே' என்று சொல்லும் நிலை வந்தது. இரண்டையும் ஒரே கதையாக்கினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

ஜோ தாம்ப்சன் வீட்டில் மட்டும் இந்தக் கேட்லாக் விவகாரம் எதுவும் தெரியாமல் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. தாத்தா அடிமையாகப் பிறந்தவர், ஃபிடில் வாசித்தவர். அப்பா ஃபிடில், பெரியப்பா சித்தப்பா வகையில் பான்ஜோ. அறுவடைக் காலத்தில் சோளம் உரிக்கக் கூடும் இடத்தில் வேலை முடிந்ததும் ஆட்டம் நடக்கும், அதற்கு வாசிப்பார்கள். இந்த ஆட்டங்கள் நின்றுபோனபோது ஜோவும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டார். 1970களில் கிப் லார்னல் என்ற ஆய்வாளர் தேடிவந்த பிறகு, பான்ஜோ வாசிக்கும் உறவுக்காரர் ஓடெல் தாம்ப்சனோடு மறுபடி தொடங்கினார். ஓடெல் 1994இல் இறந்தார். 2001இல் ஜோவுக்குப் பக்கவாதம். அதிலிருந்து எழுந்தும் வாசித்தார். அதற்குப் பிறகுதான் அந்த மூன்று இளைஞர்கள் வாசல் கதவைத் தட்டினார்கள்.

அவர் நொட்டேஷன் எழுதிக் கொடுக்கவில்லை, 'இந்த இடத்தில் வில்லை இப்படி இழு' என்று பாடம் நடத்தவில்லை. வாசிப்பார், கூட வாசிக்க வேண்டியதுதான். தப்பு வந்தால் அடுத்த சுற்றில் சரி செய்துகொள்ளலாம், மெட்டுதான் திரும்ப வருமே. நான் ஸ்கிப் செய்த அந்தத் 'திரும்பத் திரும்ப'தான் அங்கே பள்ளிக்கூடம்.

*

இது தெரிந்த பிறகு ஆல்பத்தை மறுபடி கேட்டேன். இந்தத் தடவை வீட்டில், ஸ்பீக்கரில், சமைத்துக்கொண்டே.

'ஹூக் அண்ட் லைன்', 'பம்ப்கின் பை' இரண்டையும் இப்போது ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிறேன். ராபின்சனின் ஃபிடில் அழகாக ஒலிக்க வேண்டும் என்று கவலைப்படுவதில்லை. வில்லின் உரசல் கேட்கிறது, சுரத்தின் விளிம்பு கொஞ்சம் கரகரக்கிறது. கிடன்ஸ் தன் பெரிய குரலைப் பெரும்பாலும் உள்ளேயே வைத்திருக்கிறார். புலிட்சர் வாங்கியவர், மேடையில் நின்று ஒரு சுரத்தைப் பிடித்தால் அரங்கமே அடங்கும், அப்படிப்பட்டவர் இங்கே பான்ஜோவைத் தட்டிக்கொண்டு ஃபிடிலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். இந்த அடக்கம் பாவனையாகத் தெரியவில்லை. அந்த மரபில் பான்ஜோவின் வேலையே அதுதான்.

'மார்ச்சிங் ஜேபேர்ட்' கொஞ்சம் வேறு. எட்டா பேக்கரிடமிருந்து வந்த மெட்டு, அவர் வீட்டிலேயே வாசித்திருக்கிறார்கள். பேக்கர் ஒரு டெக்ஸ்டைல் மில்லில் 26 வருஷம் வேலை பார்த்தவர். 1956இல் ஒரு தொகுப்பில் அவர் வாசிப்பு வெளியானது, பல கிடார் கலைஞர்கள் அதைக் கேட்டுத்தான் விரல் பழகினார்கள். கிடன்ஸும் ராபின்சனும் பேக்கரைக் கற்றது அவருடைய ரெக்கார்டுகளைக் கேட்டு. தாம்ப்சனைக் கற்றது பக்கத்தில் உட்கார்ந்து. இந்த வித்தியாசம் எனக்குக் காதில் கேட்கிறது. பேக்கரின் மெட்டை அவர்கள் பத்திரமாக வாசிக்கிறார்கள், சுத்தமாக, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோல. தாம்ப்சனின் மெட்டுகளில் அந்தப் பயம் இல்லை. இழுத்துப் போட்டு வாசிக்கிறார்கள். கூட வாசித்து, தப்பு செய்து, அதே அறையில் திருத்திக்கொண்டவர்களுக்குத்தான் அந்த உரிமை வரும் என்று நினைக்கிறேன்.

இனி என் குறை.

ஆல்பத்தில் பறவை இருக்கிறது, காற்று இருக்கிறது, சில்வண்டு இருக்கிறது. மனிதக் கால் இல்லை. சோளம் உரித்த களத்தில், பலகை போட்ட தரையில், முப்பது பேர் குதித்த சத்தத்துக்கு நடுவே உருவான மெட்டுகள் இவை. அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால்தான் ஃபிடிலின் வில் அவ்வளவு அழுத்தமாக விழுகிறது. இங்கே அதைச் சுற்றி அமைதியான புல்வெளி. ஹெட்போனில் கேட்கும்போது கிராமத்துக்கு விடுமுறை போனதுபோல இருக்கிறது. பதினெட்டில் சில மெட்டுகள் அந்த அமைதியிலேயே கரைந்துவிடுகின்றன. பண்ணை மாளிகையில் பதிவானவற்றைக் கேட்கும்போது இது இன்னும் உறுத்துகிறது. அடிமைகளை வைத்து நடந்த இடம் அது. அங்கே போய் வாசிப்பது பெரிய காரியம்தான். ஆனால் காதில் விழுவது குருவிச் சத்தம் மட்டும்தான். அந்த இடத்தின் கதையை வெளியே படித்துத் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

'ஜெனுயின் நீக்ரோ ஜிக்'கில் இந்தக் குறை இல்லை. ஃப்ளெமன்ஸ் எலும்புத் துண்டுகளை விரலிடுக்கில் வைத்துத் தட்டுவார், ஜாடியின் வாயில் ஊதுவார். புளூ கான்ட்ரெலின் 2001 ஹிட் பாட்டான 'ஹிட் எம் அப் ஸ்டைல்' ஃபிடிலும் வாயால் போடும் பீட்டுமாக வரும். வியர்வை நாற்றம் அடிக்கும் ஆல்பம் அது. புதியது குளித்துவிட்டு வந்த ஆல்பம்.

*

ஏப்ரல் கடைசி வாரம், 25 முதல் 27 வரை, டர்ஹமில் கிடன்ஸ் ஏற்பாடு செய்த 'பிஸ்கட்ஸ் அண்ட் பான்ஜோஸ்' விழா. ஆல்பம் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் மறுபடி ஒரே மேடையில், கிடன்ஸ், ராபின்சன், ஃப்ளெமன்ஸ் மூன்று பேரும். இடம் டர்ஹம் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் சென்டர். 2,700 பேர் உட்காரலாம். பிராட்வே நாடகங்கள் வரும் அரங்கு.

அரங்குக்கு வெளியே ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன். என் நிறத்தில் ஆள் அதிகம் இல்லை. கறுப்பினக் குடும்பங்கள் பாட்டி, பேரப்பிள்ளை என்று மொத்தமாக வந்திருந்தார்கள். பான்ஜோ கச்சேரிக்கு இப்படி ஒரு கூட்டம் வருவதே செய்தி. நூறு வருஷம் முன்னால் கேட்லாக்கில் விழுந்த கோடு அந்த வரிசையில் கொஞ்சம் அழிந்திருந்தது.

என்னென்ன பாடினார்கள் என்று பட்டியல் போடப்போவதில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வாசிப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் குதிகால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், எழுபது இருக்கும், அவரும் தட்டினார். மெத்தை வைத்த நாற்காலி, தரையில் கார்ப்பெட். எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் சத்தம் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். சந்தோஷமான கச்சேரி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கார்ப்பெட் என் மனசில் நின்றுவிட்டது. அங்கே அத்தனை பேருக்கும் கால் இருந்தது, அதற்கு வேலைதான் இல்லை.

அதே விழாவில் ஸ்கொயர் டான்ஸும் வைத்திருந்தார்கள். போவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கல்யாண வீட்டில்கூட ஆடாதவன் நான். சும்மா ஓரமாக நின்று பார்க்கலாம் என்று போனேன். ஓரமாக நிற்கும் ஆளை விட்டுவைக்கும் ஆட்டம் இல்லை அது. நாலு ஜோடி சேர்ந்தால்தான் ஒரு சதுரம். ஒரு சதுரத்தில் ஒரு ஆள் குறைந்தது. ஓர் அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனார், பெயர்கூடக் கேட்கவில்லை.

முன்னால் நிற்கும் காலர் அடுத்த அசைவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். முதல் சுற்றில் இடது வலது தெரியாமல் இரண்டு பேரை மோதினேன். இரண்டாவது சுற்றில் ஒருவரை. மூன்றாவதில் யாரோ என் தோளைத் திருப்பிவிட்டார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ சுற்றில் கால் தானாகப் போனது. அப்போதுதான் கவனித்தேன், மெட்டு மாறவே இல்லை. ஹெட்போனில் என்னை ஸ்கிப் செய்ய வைத்த அதே திரும்பல். இங்கே அது மட்டும் மாறியிருந்தால் நான் விழுந்திருப்பேன். தெரியாதவனுக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் மெட்டு அத்தனை முறை சுற்றுகிறது. ஆறு சுற்று பொறுத்துக்கொள்ளும் இசை ஒன்று இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

ஆகவே ஆல்பத்தைப் பற்றிய என் முதல் தீர்ப்பை மாற்றிக்கொள்கிறேன். திரும்பத் திரும்ப வருவது குறையில்லை. கால் இல்லை என்ற குறை அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்கான பொறுப்பில் பாதி கேட்பவனுடையது. அந்த ஆல்பம் ஒரு கோலத்துக்கு வைத்த புள்ளிகள் மாதிரி. ஹெட்போனில் புள்ளிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் சலிப்புதான் மிஞ்சும்.

*

தேனிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மாச்சிக்குக் கும்மிப்பாட்டு நிறையத் தெரியும். 2019இல் ஊருக்குப் போனபோது அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, போனை முன்னால் வைத்துப் பாடச் சொன்னேன். 14 நிமிஷம் பாடினார். நடுவில் நாலைந்து இடத்தில் நின்றுவிட்டார். "வார்த்தை மறந்துபோச்சா அம்மாச்சி?"ன்னு கேட்டேன். "கையடிக்க ஆளில்லாம எப்படிடா வரும்"னார். நான் கை தட்டவில்லை. பதிவில் சத்தம் விழுந்துவிடும் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2021இல் அம்மாச்சி இறந்துபோனார். அந்த ஃபைல் மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது. சுத்தமான பதிவு. பின்னால் ஒரு குயில்கூடக் கூவுகிறது. அதில் ஒரு பாட்டுகூட எனக்குப் பாட வராது.

ஆல்பத்தைக் குறை சொன்ன அதே வாயால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. பறவையைப் பதிவு செய்து காலை விட்டவன் நான்தான். கிடன்ஸும் ராபின்சனும் மைக்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனது 2024இல். அதற்கு முன்னால் வெறும் வாத்தியத்தோடு போன வியாழக்கிழமைகள் எத்தனையோ. நான் அந்த முதல் பகுதியைத் தாண்டி நேராக ரெக்கார்டிங்குக்கு வந்துவிட்டேன். மரபைக் காப்பாற்றுவது பற்றி இணையத்தில் நாம் எழுதிக் குவிக்கிறோம், ஆவணப்படுத்துவது பற்றி மாநாடு போடுகிறோம். ஆவணம் வேண்டும்தான். லார்னல் டேப்போடு போகவில்லை என்றால் ஜோ தாம்ப்சனை யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆனால் டேப் இருந்தும் முப்பது வருஷம் அந்த வீட்டுக்கு அடுத்த தலைமுறை வரவில்லை. வாரா வாரம் போய் உட்கார மூன்று பேர் வந்த பிறகுதான் அந்த மெட்டு இன்னொரு கைக்கு மாறியது.

போன மாதம் சித்திக்கு வீடியோ கால் போட்டேன். அம்மாச்சியின் பாட்டில் பாதி அவருக்குத் தெரியும். பாடச் சொல்லி இந்தப் பக்கம் நான் கை தட்டினேன். நெட்வொர்க்கில் அரை நொடி தாமதம். என் தட்டு அவருக்குப் பிந்திப் போக, அவர் பாட்டு எனக்குப் பிந்தி வர, இரண்டு வரியில் தாளம் நொண்டி அடித்தது. "இதெல்லாம் போன்ல ஆகாதுடா, நேர்ல வா"ன்னாங்க.

டிசம்பரில் போகிறேன். அதற்கு முன்னால் வழக்கம்போல மெபேனுக்கும் ஒரு நடை போக வேண்டும். மாமாவுக்கு டிஷர்ட் வாங்கணும்.